பாட்டுக்குள் இருந்த மணி

ஒரே பாட்டை மூன்று கேசட்டில் பதிந்து வாங்கிய ஆள் ஓசூரிலேயே சௌந்தரராஜன் ஒருவராகத்தான் இருக்கும். சும்மாவா வாங்கினார்? ஒவ்வொரு தடவையும் சண்டை.

"மணியைக் காணோம் பாய். உம்ம ரெக்கார்டு தேஞ்சு போச்சு."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த ஃபக்ருதீனும் லேசுப்பட்டவர் இல்லை. "ரெக்கார்டு நல்லாத்தாண்ணா இருக்குது. உங்க டேப் செட்டுல ஹெட்டைத் தொடைங்க மொதல்ல!" கடையிலேயே போட்டுக் கேட்டுவிடும் பொறுமை இரண்டு பேருக்கும் இல்லை.

அந்தப் பாட்டில் பல்லவி முடிந்ததும் வாத்தியமெல்லாம் நின்று, ஒரே ஒரு தரம் சின்னதாக மணி அடிக்கும். அவ்வளவுதான். சௌந்தரராஜன் மனைவி ஜோதிமணிக்கு அந்த ஒரு அடிக்காகவே அந்தப் பாட்டு வேண்டும். அரிசி களைந்த ஈரக்கையோடு வந்து நின்று, மணிக்கு முன்னால் விரலைத் தூக்குவாள், அடித்ததும் சிரிப்பாள். மஞ்சள் காமாலையில் அவள் போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. மத்திகிரி வாடகை வீட்டில் இப்போது அவர் தனியாக விரலைத் தூக்குகிறார், மணி வருவதில்லை. அந்த வீட்டில் அவளுடையதென்று மிச்சமிருந்தது அந்த மணி ஒன்றுதான்.

சங்கரன்கோவிலிலிருந்து வந்தவருக்கு, இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருடம். காதுக்குப் பஞ்சு கொடுத்தால் வாங்க மாட்டார். "சத்தத்தை வச்சுத்தான் மிஷினுக்கு என்ன கோளாறுன்னு சொல்லுதேன். பஞ்சை வச்சா நான் எதுக்கு?" என்பார். அப்படியொரு வீம்பு.

தொண்ணூற்று நாலில் ஃபக்ருதீன் பெங்களூரிலிருந்து சி.டி. பிளேயர் வாங்கி வந்தார். அந்தப் பாட்டும் சி.டி.யில் கிடைத்திருந்தது. "ஊசி கிடையாது, உரசல் கிடையாது, ஆயிரம் தரம் போட்டாலும் தேயாது. கொரலு கொஞ்சம் மொட்டையா இருக்குது, எனக்கு ரெக்கார்டுதான் ஒசத்தி. ஆனா உங்க மணிக்கு இதுதாண்ணா லாயக்கு."

ஞாயிற்றுக்கிழமை சௌந்தரராஜன் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

ஃபக்ருதீன் முதலில் கேசட்டைப் போட்டார். "பாட்டு வர்றதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு எரையுதுல்ல, அது சி.டி.யில இருக்காது."

"எங்க எரையுது? சுத்தமால்லா இருக்கு."

"வம்புக்குன்னே பேசறீங்க!" சிரித்துக்கொண்டே சி.டி.யைப் போட்டார். பல்லவி முடிந்தது. சௌந்தரராஜன் விரலைத் தூக்கினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு வயலின் ஆரம்பித்துவிட்டது.

"இதுலயும் வெட்டிட்டானுவளே பாய்!"

"என்னண்ணா சொல்றீங்க? கணீர்னு அடிச்சுதே!"

டீ கொண்டுவந்த ஃபக்ருதீனின் மனைவி வஜிஹா, "வாசல்ல வர்றப்பவே எனக்குக் கேட்டுச்சுண்ணா" என்றாள்.

சௌந்தரராஜன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி இல்லை. ரெக்கார்டும் தேயவில்லை, டேப்பும் தேயவில்லை. ஐயோ, தேய்ந்தது அவர் காது. பிரஸ் ஷாப்பின் இரைச்சல் ஜோதிமணியின் மணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருக்கிறது. அவர் அதற்கு இந்த மனுஷனோடு மூன்று தடவை மல்லுக்கு நின்றிருக்கிறார்.

"இன்னொரு தரம் போடும் பாய்," என்றார். "அடிக்கும்போது மட்டும் என் கையைத் தொடும்."

பல்லவி முடிந்தது. அவர் விரல் மேலே போனது. ஃபக்ருதீன் அவர் மணிக்கட்டைத் தொட்டார். சௌந்தரராஜன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.