பெட்டியின் பெயரில்

ரோச் மாமாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகு குரல் தணியும். குரல் தணிந்த பிறகுதான் பயப்பட வேண்டும். அன்று காலை மாப்பிள்ளையூரணி குளிர்கிடங்கின் மாடி ஆபீசில் அவர் பேசியது ஏ.சி. சத்தத்தைத் தாண்டிக் கேட்கவே இல்லை.

“ஒரு சாவி கேக்கேன், விஜிலா. ஒரே ஒரு சாவி. நான் கட்டுன கிடங்கு. எனக்கே சாவி இல்லன்னா என்னளா அர்த்தம்?”

“சாவியே கெடையாது மாமா. இருந்தாத்தான தர?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலை மொத்தத்துக்கும் விஜிலா ஒருத்திதான். கிடங்குச் சுவரில் சின்னதாக ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. உள்ளே எத்தனை டிகிரி குளிர் என்று பார்த்து, சரக்கு வாங்குகிற ஸ்பெயின் கம்பெனியின் கிளவுடில், அதாவது இன்டர்நெட் கணக்கேட்டில், எழுதிக்கொண்டே இருப்பது அதன் வேலை. இவளுக்கு முன்னால் இருந்த மகராசன் அந்தப் பெட்டியின் புரோகிராமுக்குள்ளேயே பாஸ்வேர்டை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். அது ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஊர்வலம் போனது. லாரி டிரைவர்களுக்குக்கூட மனப்பாடம் என்று விஜிலா சொல்வாள், அதில் பாதியாவது நிஜம்.

வந்ததும் அவள் செய்த முதல் காரியம் அந்தப் பாஸ்வேர்டை ஒழித்துக்கட்டியது. இப்போது பெட்டிக்கென்று சொந்த அடையாளம் உண்டு. அது போய் ‘நான்தான்’ என்று நிற்கும். கிளவுட் சரிபார்த்துவிட்டு ஓர் அனுமதிச் சீட்டு தரும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சீட்டு செல்லாமல் போகும், பெட்டி மறுபடி போய் வாங்கும். துறைமுக கேட்டில் நேற்றைய பாஸைக் காட்டினால் லாரியை உள்ளே விடுவார்களா? அந்தக் கதைதான். சாவி என்று யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை, திருடுவதற்கும் ஒன்றுமில்லை.

இத்தனை நாளும் ரோச் மாமாவுக்கு இதில் ஏகப்பெருமை. போன வருஷம் சரக்கு உருகி வந்திருக்கிறது என்று ஸ்பெயின்காரன் மல்லுக்கு நின்றபோது, பெட்டி எழுதியதை எடுத்து விஜிலா அவன் முன்னால் வைத்தாள். மனுஷக் கை படமுடியாத கணக்கு என்று தெரிந்ததும் அவன் பேச்சு அடங்கிவிட்டது. தப்பு தன் ஊர் லாரியில்தான் என்று ஒத்துக்கொண்டான். அடுத்து வந்த பனிமய மாதா திருவிழாவில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து மாமா இதைச் சொன்னார். “எங்க விஜிலா வச்ச பெட்டியாக்கும். பொய்யே பேசாது.” அவர் விஜிலாவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும்கூட. பெருமைப்பட அவருக்கு உரிமை இருந்தது.

இப்போது அதே பெட்டி அவரைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட்டது, அதுதான் வம்பு. ஞாயிறு இரவு கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை, ஏனென்றால் டேங்கில் டீசல் இல்லை. டீசல் பார்க்க வேண்டிய மாமாவின் மருமகன் ஃபிராங்க்ளின் கூட்டாளிகளோடு மணப்பாட்டுக்குப் போயிருந்தான், அங்கே என்ன ஊற்றிக்கொண்டிருந்தான் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கரண்டோடு பெட்டியும் தூங்கிப் போனது. கரண்ட் வந்து கண் விழித்ததும் அது முதலில் எழுதியது மைனஸ் ஏழு. மைனஸ் பதினெட்டுக்கு மேலே ஏறவே கூடாத இறால் அது.

“பொய்யா எழுதச் சொல்லுதேன்? ராத்திரி காலியா கெடக்குல்லா, அத நிரப்பு. அந்த ஏழ இருவதாக்கு. நாளைக்குக் கண்டெய்னர் கப்பல் ஏறணும்,” என்றார் மாமா.

“அதுக்குப் பேரு பொய்யி இல்லாம வேற என்ன மாமா?”

மூலையில் நின்ற ஃபிராங்க்ளின் தொண்டையைச் செருமினான். “பெட்டி பேர்ல புதுசா ஒரு சாவி உண்டாக்கிட்டா கையாலயே எழுதலாம் மாமா. நான் விசாரிச்சிட்டேன். கேளுங்க அவள்ட்ட.”

“உண்டாக்கலாம்,” என்றாள் விஜிலா. மழுப்பிப் பேச அவளுக்கு வராது. “அந்த உரிமை ரெண்டே ஆளுக்குத்தான். எனக்கும் மாமாவுக்கும்.”

“அப்ப உண்டாக்கு,” என்றார் மாமா.

“மாட்டேன்.”

ஃபிராங்க்ளின் கையை விரித்தான். “கேட்டீயளா மாமா? நம்ம கிடங்குல நமக்கு இல்லாத உரிமை சொவத்துல தொங்குத டப்பாவுக்கு இருக்கு!”

“அந்த டப்பா டீசல் போட மறக்கல அண்ணே.”

அவன் முகம் சுண்டிப்போனது. மாமா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஜன்னல் வழியே கீழே காட்டினார். உரிக்கிற கொட்டகையில் பெண்கள் கையுறையும் தொப்பியுமாக வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“இந்தச் சரக்கு திரும்பி வந்தா அவன் அடுத்த ஆர்டர் தரமாட்டான். அந்தப் பொம்பளையாளுவ அம்புட்டு பேரும் வீட்டுல உக்காருவாளுவ. யாரால? ஒன்னால.”

விஜிலாவும் ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவள் தெருக்காரர்கள். இந்த வேலை போனால் தூத்துக்குடிக்குள் இன்னொரு வேலை கிடைக்கும் என்று அவளாலும் சொல்ல முடியாது. பயம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் பயத்துக்கு மேலே ஓர் எரிச்சலும் மூண்டு வந்தது. டீசல் போடாதவன் மூலையில் நிற்கிறான், பழி மட்டும் எனக்கா?

“அந்த றால தின்னுட்டு ஒரு பிள்ள ஆஸ்பத்திரியில கெடந்தா யாரால மாமா?”

“ஸ்பெயின்காரன் பிள்ளைக்கு நீ ஏன்ளா அழுத?” என்றான் ஃபிராங்க்ளின்.

“ஏலே, நீ சும்மா இரு,” என்றார் மாமா. பிறகு மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றார். “விஜிலா, ஒன்னக் கையில ஏந்தி ஒனக்கு இந்தப் பேர வச்சவன் நான். எனக்காக இதச் செய்ய மாட்டியா?”

அவர் சும்மா நின்றிருந்தால் அவள் அழுதிருப்பாள். இதைச் சொன்னதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“வச்சீங்க மாமா. இல்லங்கல. அந்தப் பேர்லதான இப்பக் கள்ளக்கணக்கு எழுதச் சொல்லுதீங்க?” நாற்காலியை விட்டு எழுந்தாள். கம்ப்யூட்டரில் தன் கணக்கை மூடினாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். “ஒங்களுக்கும் உரிமை இருக்குன்னு சொன்னேன்லா? உக்காருங்க. ஒங்க பேர்ல உள்ள போங்க. நாலே நாலு அமுக்கு, நானே சொல்லித் தாரேன். சாவிய உண்டாக்குனது யாருன்னு அங்கன பதிவாகும், ஸ்பெயின்காரன் கேட்டா காட்டும். அதுல ரோச்னு இருக்கட்டும். விஜிலான்னு இருக்காது.”

மாமா நாற்காலியைப் பார்த்தார். ஃபிராங்க்ளின் மாமாவைப் பார்த்தான். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

“அப்ப நீ நாளையிலேருந்து வர வேண்டாம்,” என்றார் மாமா.

“நாளைக்கு எதுக்கு? இந்தா, இப்பவே போறேன்.”

விஜிலா படியிறங்கினாள். மேலே நடந்தது அதற்குள் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தது. இந்த ஊரில் பேச்சுக்கு மட்டும் எந்த கேட்டிலும் பாஸ் கேட்பதில்லை. உரிக்கிறவர்களுக்கு மேஸ்திரியான விக்டோரியாக்கா, இறால் நாற்றம் வீசும் ஏப்ரனோடு வாசலை மறித்து நின்றாள்.

“ஏளா, ஒரு பட்டன அமுக்குததுல ஒனக்கு என்ன கொள்ள போச்சு? நீ படிச்சவ, எங்கன போனாலும் பொழைச்சுக்குவ. நாங்க எங்க போக?”

“நானும் எங்கயும் போவலக்கா. வேல போச்சி.” விஜிலா நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். “ஒண்ணு கேக்கேன். அந்த றால நீங்க வீட்டுக்குக் கொண்டு போயி ஒங்க பேரனுக்கு ஆக்கிப் போடுவீங்களா? போடுவேன்னு சொல்லுங்க. இப்பவே மாடியேறிப் போயி அமுக்குதேன்.”

விக்டோரியாக்கா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். சாபம் விடவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. வாசலை மட்டும் விட்டாள்.

விஜிலா ஸ்கூட்டரைக் கிளப்பி நேரே பீச் ரோட்டுக்கு வந்து ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு டீ குடிக்காவிட்டால் ஆகாது. டம்ளர் கைக்கு வருவதற்குள் போன் அதிர்ந்தது.

யாரோ அவள் பெயரில் கம்பெனிக் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார்கள். பெட்டிக்குச் செய்ததைத்தான் விஜிலா தனக்கும் செய்திருந்தாள். அவளுக்கும் பாஸ்வேர்டு கிடையாது. எங்கிருந்து யார் அவள் பெயரை அடித்தாலும், அங்கே திரையில் ஓர் எண் தோன்றும், இவள் போன் இவளைக் கேட்கும். அந்த எண்ணை இவள் இங்கே போட வேண்டும், இல்லையென்றால் ‘நான் இல்லை’ என்பதை அமுக்க வேண்டும். அவள் யோசிப்பதற்குள் ஃபிராங்க்ளின் கூப்பிட்டுவிட்டான்.

“விஜிலா, சண்டைய விடு. அம்பத்தி மூணு. அத மட்டும் போடு. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“பேசுதது யாரு?”

“என்னளா கேள்வி? ஃபிராங்க்ளின்.”

“அப்ப ஃபிராங்க்ளின்னு அடிச்சு உள்ள போங்க.”

அழைப்பை வெட்டினாள். ‘நான் இல்லை’யை அமுக்கினாள். உடனே மறுபடி வந்தது. மறுபடி அமுக்கினாள். அலுத்துப்போய் ஒரு தடவையாவது இவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தான் போலும். அப்படி விடுகிறவளா விஜிலா!

“என்னம்மா, போனு ஓயாம அடிக்கி?” என்றார் டீக்கடைக்காரர்.

“எம் பேரச் சொல்லிக்கிட்டு ஒருத்தர் கதவத் தட்டுதாரு அண்ணாச்சி. ஆளு மாறி வந்துட்டீருன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், வேலை போன அன்று சிரிப்பு வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டீயில் ஆடை படர்ந்துவிட்டது.

அடுத்து கூப்பிட்டது ரோச் மாமா. தணிந்த குரல் இல்லை இது. அவள் இதுவரை அவரிடம் கேட்டிராத குரல், உடைந்துபோய் வந்தது.

“ஏளா, கெஞ்சிக் கேக்கேன். கடைசித் தடவ. பதினாறுன்னு காட்டுது. பதினாறப் போடும்மா.”

போன் திரை அவள் பதிலுக்குக் காத்திருந்தது. பதினாறு. இரண்டே இலக்கம். அவளுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் மேல் அவளுக்குப் பிரியம் உண்டு, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

“மாமா, நீங்க என் நாற்காலியிலதான இருக்கீங்க?”

“ஆமா.”

“திரையில எம் பேருக்குக் கீழ ஒங்க பேரு இருக்கும். பாருங்க. இருக்கா?”

“இருக்கு.”

“அதத் தொடுங்க. நம்பர் ஒங்க போனுக்கு வரும். நீங்களே போட்டுக்கிடலாம். என்ன எதுக்குக் கேக்கீங்க?”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ஏ.சி. சத்தம் கேட்டது. ஃபிராங்க்ளின் ஏதோ முணுமுணுத்தான்.

“கை வரமாட்டேங்குதுளா,” என்றார் மாமா.

“அப்ப எங் கை மட்டும் எப்படி மாமா வரும்?” என்று கேட்டுவிட்டு, விஜிலா ‘நான் இல்லை’யை அமுக்கினாள்.