பை வைக்காத சட்டை

மல்லாட்டைக் கடலை காயவைக்கும் களத்தில் நடந்த கைகலப்பில் ஒருவர் இறந்துபோனதற்காக என் கணவர் தேவசகாயம் சிறைக்குப் போனார். கைநாட்டாகப் போனவர், 1956இல் கையெழுத்துப் போடவும் தையல் மிஷின் மிதிக்கவும் தெரிந்தவராகத் திரும்பினார். இனிமேல் கூலிக்குப் போகவேண்டாம் என்று இருவரும் நம்பினோம்.

எங்கள் ஊர்ப் பக்கமான திண்டிவனத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அதனால் விழுப்புரம் போய், பெங்களூரில் தொழில் பழகியதாகச் சொல்லி மாசிலாமணி தையற்கடையில் சேர்ந்தார். தையல் நேராக இருந்ததால் முதலாளி வேறெதுவும் கேட்கவில்லை. ரவிக்கைகளுக்குக் கொக்கி தைக்க என்னையும் வைத்துக்கொண்டார்.

தீபாவளி நெருக்கடி. கிருஷ்ணசாமி ஐயா தம் சட்டையை வாங்க வந்தார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சட்டையை உதறிப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ் மாசிலாமணி! நாப்பத்திரெண்டுல ஜெயிலுக்குள்ள எனக்குக் குடுத்த சட்டைய்யா இது! பீடி வெக்கக்கூட ஒரு பை கெடையாது!"

பைக்கு வெட்டிய துண்டு மேசையிலேயே கிடந்தது. உள்ளே எத்தனையோ ஆண்டுகள் பையில்லாத சட்டையாகத் தைத்த கை, அவசரத்தில் பழைய வழியிலேயே போய்விட்டது.

"எந்த ஜெயில்லய்யா தொழில் கத்துக்கின?" என்று ஐயா அவரைப் பார்த்துக் கேட்டார். கடையே சிரித்தது.

என் கணவர் சட்டென்று எழுந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, தலை குனிந்து நின்றார்.

"கைதி எழுநூத்திப் பன்னெண்டுங்க, ஐயா."

சிரிப்பு நின்றது. "தமாஷுக்குக் கேட்டேன்யா," என்றார் கிருஷ்ணசாமி ஐயா.

அன்று மாலை முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "உன் வேலையில கொற சொல்லமாட்டேன்பா. பொம்பளைங்க அளவு குடுக்க வர்ற கடை. தீபாவளி வரைக்கும் இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

என் கணவர் முடித்துக் கொடுத்தார். கிருஷ்ணசாமி ஐயாவின் சட்டைக்கும் பை வைத்தார்.

அதன்பின் ஒரு கடையிலும் அவரை உட்காரவிடவில்லை. பேச்சு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் திரும்பிக் கிணறு வெட்டப் போனார். ஒருநாள் கேப்பைக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஜெயம், ஜெயில்லயாவது மிஷின்ல ஒக்காந்துக்கினு இருந்தேன்."



மயிலம் பக்கம் வெட்டிய ஒரு கிணற்றில் மண் சரிந்து, அடுத்த கோடையில் அவர் போய்விட்டார். சாவைப் பதிவு செய்ய கிராம முன்சீப்பிடம் போனேன்.

"இன்னா தொழில் பண்ணான்?"

"தையல்காரருங்க."

"மிஷின் வெச்சிருந்தானா?"

"இல்லீங்க."

"கடை?"

இல்லையென்று தலையசைத்தேன்.

"அப்போ கூலின்னு எழுதிக்கறேன்," என்றார். எழுதிவிட்டு, என்னைப் போகச் சொன்னார்.