வௌவாலுக்குத் தைத்த சட்டைக்கை

கூரையோரத்து ஓட்டையைத் தையல்காரர் ஒரு மத்தியானம் அடைத்த பிறகுதான் மாடி அறைக்குள் வௌவால் வர ஆரம்பித்தது. அதுவரை அவை சீலிங் பலகைக்கு மேலேயே இருந்தன. அறைக்குள் ஒன்றுகூட எட்டிப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே மின்விசிறிக் கொக்கியின் இடுக்கு வழியாக ஒன்று இறங்கி, அறையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. வழியை மூடினால் வரத்து எப்படிக் கூடும்? அவருக்கு மண்டை காய்ந்தது.

அந்த அறைக்குத்தான் மனைவியின் தங்கை குடிவர இருந்தாள். அவளுக்கு இந்த ஊரிலேயே வேலை கிடைத்திருந்தது. அன்று பெட்டியோடு வந்தவள் வௌவாலைப் பார்த்து மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு நான், இல்ல அது. நான் ஹாஸ்டலுக்கே போறேன்."

"போடி! இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் பக்கத்துல வந்திருக்க. மாமா சரி பண்ணிடுவாரு."

"மாமாவா? பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கச் சொன்னா அதையும் சேர்த்து அடைச்சுத் தைக்கிற ஆளாச்சே!"

தையல்காரர் ரோஷத்தோடு துடைப்பத்தைத் தூக்கினார். மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"அடிக்காதீங்க. வெறுங்கையால தொடவும் கூடாது, கடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்."

விளக்கை அணைத்து, ஜன்னல்களை அகலத் திறந்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வௌவால் தானாகவே போய்விட்டது.

தையல்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது உள்ள வரலைடி, வெளிய போக வழி தேடியிருக்கு! பகல்ல எல்லாம் மேல தூங்கிட்டு இருக்கும்போது நான் வாசலைப் பூட்டிட்டேன்."

உடனே ஏணியில் ஏறி ஓட்டையைத் திறந்துவிட்டார். கொக்கி இடுக்கில் துணியைத் திணித்தார். அப்புறம் வேறு கவலை: போனவை விடிவதற்குள் திரும்பிவிடுமே? எல்லாம் போன பிறகு அடைத்தாலோ, குட்டிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். மனைவி வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "குட்டிங்க பறக்கிற வரைக்கும் எதையும் அடைக்காதீங்க" என்றார்கள்.

அதுவரை தங்கைக்குக் கூடத்தில் படுக்கை. "என்ன மாமா, குட்டிக்குத் தொட்டில் கட்டலையா?" என்று தினமும் ஒரு குத்தல். அக்காவுக்கோ அவள் கூடத்தில் இருப்பதே திருவிழாதான்.

ஒருநாள் தங்கை மழைக்கோட்டைக் கழற்றினாள். உடனே போன் வரவே, பேசிக்கொண்டே ஒரு கையால் மறுபடி மாட்டப் பார்த்தாள். நனைந்து தொங்கிய கோட்டுக்கையின் நுனி ஒட்டிக்கொண்டு விரலை உள்ளே விடவில்லை.

"என்ன மாமா இது, கழட்டும்போது வழுக்கிட்டு வந்துச்சு. இப்ப நுழையவே மாட்டேங்குது!"

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அந்தக் கோட்டுக்கையின் மேல்வாயையும் நுனியையும் அளந்தார். பிறகு மெஷினில் போய் உட்கார்ந்தார். நைலான் லைனிங் துணியில், மேலே அகலம், கீழே ஒடுக்கம். முழங்கை நீளத்தில் ஒரு சட்டைக்கை.

"யாருக்கு மாமா அளவு?"

"உன் ரூம்காரங்களுக்கு."

குட்டிகளும் பறக்கத் தொடங்கியதும் அதைக் கூரையோரத்து ஓட்டையில் மாட்டினார். அந்தி மயங்கும்போது மூவரும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வௌவால்கள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்தார்கள். கடைசியில் கைதட்டியவள் தங்கைதான். மறுவாரம் அவள் பெட்டி மாடியேறியது.

வழி இவ்வளவுதான்: விரல் நுழையும் மற்ற இடுக்குகளை முதலில் அடைத்துவிட்டு, துணிக்கையின் அகலமான வாயைப் பெரிய ஓட்டையைச் சுற்றி இடைவெளியில்லாமல் பொருத்தி, ஒடுங்கிய நுனியைக் கீழே தொங்கவிட வேண்டும். வெளியே போகும் வௌவால் வழுக்கி இறங்கிவிடும். திரும்பி வரும்போது நுனி ஒட்டிக் கிடப்பதால் நுழைய முடியாது. தொடர்ந்து சில சாயங்காலங்கள் எதுவும் வெளிவராவிட்டால், துணியைக் கழற்றி ஓட்டையைப் பூசிவிடலாம்.