தகரை விழிக்காத காலை

1

இந்தக் கதை ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பஸ்ஸுக்கு நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டது. சாலையோரம் முட்டியளவு தகரைச் செடிகள். பொழுது சாய்ந்தால் இலைகளை ஜோடி ஜோடியாக மடித்துத் தொங்கப்போட்டுத் தூங்கும். மழை விழுந்ததும் கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் செய்வார்கள். நிம்மதியாக ஒரு கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நிம்மதியாவது, மண்ணாவது!

அஞ்செட்டிக் காட்டில் முதல் மழை இறங்கியபோது...

வேண்டாம். காட்டை வர்ணித்தே பக்கம் தீர்ந்துவிடும்.

2

ஜோதிமணிக்கு அஞ்செட்டிப் பக்கம். ஓசூரில் கம்பெனி வேலை. புருஷன் திருமலை வேறொரு கம்பெனியில். கேன்டீன் சோறு தொண்டையில் இறங்கவில்லை, ஒரு வாய் தகரை கிடைக்காதா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நேற்று வேலை விட்டு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த காலிமனையில் மடி நிறையக் கிள்ளினாள். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. தூங்குகிறது என்று நினைத்தாள்.

(இவளைத் தகரை தெரியாத பெண்ணாக எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை. தெரியாதவள் தொங்கும் இலையைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பாள்.)

3

காலையில் பொரியல் செய்து, டப்பாவில் அடைத்து அவனை அனுப்பிவிட்டாள். அவளுக்கு இன்று லீவு; துணி துவைத்துக் காயப்போட வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. சாலையோரத் தகரை விரிந்து நின்றது. மனையில் இருந்தது விரியவே இல்லை.

வீட்டுக்காரி சரசம்மாவிடம் ஓடினாள்.

"நேத்து மத்தியானமே களைக்கொல்லி அடிச்சிட்டுப் போனாங்களே. நீ பாக்கலியாம்மா?"

தகரைக்கே ஒரு வாடை உண்டு. மருந்து வாடை அதில் மறைந்துபோயிருந்தது. போட்டிருந்த நைட்டியோடு ஜோதிமணி ஆட்டோவில் ஏறினாள்.

4

கம்பெனி கேட். திருமலையின் போன் லாக்கரில். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள்.

"அண்ணா, எங்க வீட்டுக்காரரு திருமலைய டப்பாவத் தொட வேணாம்னு சொல்லுங்கண்ணா. கீரையில மருந்து இருக்குது."

காவலாளி ரத்தினவேல் பதறிவிட்டார். அவருடைய இன்டர்காம் ஒரு வாரமாக வேலை செய்யவில்லை, கேட்டை விட்டும் நகரக்கூடாது. உள்ளே போய்க்கொண்டிருந்த ஒருவரிடம் சொல்லியனுப்பினார்.

(முடிவு ஒன்று: செய்தி போய்ச் சேர்கிறது. எழுதி, நம்ப முடியாமல் அடித்துவிட்டேன். முடிவு இரண்டு: திருமலை முதல் வாயை எடுத்து... சே, எனக்குக் கை வரவில்லை.)

உள்ளே போன ஆளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அது நீங்கள்தான். திருமலை எங்கே உட்காருவான் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்: கேன்டீனில், ஜன்னலோரம். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. டப்பாவைத் திறக்கிறான். தகரை வாடைக்கு அவன் முகம் மலர்கிறது.

நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.