சிப்பிக்கு வாய் எது

எதையும் தொடங்குவதில் பிளம்பரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மொட்டைமாடியில் தக்காளி, கூண்டில் காடை, சுவரில் கிடார் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார்; எதுவும் நிலைக்கவில்லை. மனைவி அவருக்கு ஆரம்பசூரர் என்று பெயர் வைத்திருந்தாள். கூடத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வந்தபோது அவள் சிரிக்கக்கூட இல்லை, ஜன்னலோர நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

தொட்டியில் மூன்று ராட்சதச் சிப்பிக்குஞ்சுகளை விட்டார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. ஓட்டின் வாயோரம் நீலப் பட்டுத்துணியை மடித்துச் செருகியதுபோல் சதை. "விளக்கு வெளிச்சம் போதும், அதுவே சமைச்சுச் சாப்பிட்டுக்கும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வளர்ந்த சிப்பிக்கு அது சரி; சதைக்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சத்தில் உணவு ஆக்கிப் போட்டுவிடும். குஞ்சுக்கு அந்தச் சமையல் பற்றாது, நீரில் மிதக்கும் நுண்பாசியையும் ஊட்ட வேண்டும். ஒன்று செத்த பிறகுதான் பிளம்பர் இதைத் தெரிந்துகொண்டார். உடனே சிரிஞ்சும் பச்சைப் பாசித் தண்ணீருமாக இறங்கினார். அப்படியும் இரண்டாவது ஓடு அகலப் பிளந்து, தொட்டாலும் மூடாமல் கிடந்தது.

"பசியில வாயைத் தொறந்திருக்கு போல மாமா" என்றான் மைத்துனன்.

"செத்திருக்குடா."

மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. அதுவும் போச்சுன்னா தொட்டியும் போகணும். ஒவ்வொண்ணா சாகறதை என்னால உக்காந்து பாக்க முடியாதுங்க."

"இது போகாது."

"காடைக்கும் இதைத்தான் சொன்னீங்க."

பிளம்பர் தொட்டிக்குள் கையை விட்டார். செத்ததை எடுத்தார். தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை மாற்றினார். வழக்கமாக வேலைக்கு அலாரம் மூன்று முறை அடித்தால்தான் எழுபவர், காலையில் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்துக்குத் தானே எழுந்து தொட்டிமுன் உட்காரப் பழகினார். மிஞ்சிய சிப்பியின் சதை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது.

"அதைப் பிடுங்கி ஒரு டம்ளர்ல போட்டு ஊட்டுங்களேன்" என்று யோசனை சொன்னான் மைத்துனன்.

"கல்லுல நார் விட்டுப் பிடிச்சிருக்கு. இழுத்தா அடிப்பக்கத்துச் சதை கிழிஞ்சிடும். உன் யோசனையெல்லாம் உன்னோடயே வெச்சுக்கோ."

ஒரு நாள் காலை, தண்ணீரைச் சுழற்றும் பம்பை நிறுத்திவிட்டு, எப்போதும் போல் சதையின் நடுவே குழல்போல் எழுந்து நின்ற உருண்டை ஓட்டையில் சிரிஞ்சை வைத்தார். வழக்கம்போல் பீய்ச்சாமல் லேசாக அழுத்தியதால் பச்சைத் தண்ணீர் மெல்லத்தான் கசிந்தது. கசிந்த பச்சை உள்ளே போகவில்லை. ஊதி விட்டதுபோல் மேலே எழும்பிப் போயிற்று. இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் மேலேதான் போயிற்று. மிச்சத்தைச் சற்றுத் தள்ளி விட்டார். அது நீரில் அலைந்து, சதையின் மறுமுனையிலிருந்த நீளமான கீறல் பக்கம் நகர்ந்து காணாமல் போனது.

"ஏய், இங்க வாயேன்!"

மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னங்க, போயிடுச்சா?"

"இல்ல. இத்தனை நாளா நான் ஊட்டினது வாயில இல்ல."

"பின்ன?"

அவர் சுட்டிக் காட்டினார். அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் கரண்டியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி வர்ற குழாய் எது, சாக்கடைக்குப் போற குழாய் எதுன்னு பிரிச்சு மாட்டுறவரு!"

"சிரி, நல்லா சிரி. பாவம், அது எத்தனை நாள் என்னை வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சோ."

சிரிஞ்சை அன்றோடு ஒழித்தார். ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, சிப்பிக்கு மேல் குடைபோலக் கவிழ்த்தார். மேல்வாய் வழியாகப் பாசித் தண்ணீரை அளவாக விட்டார். வேண்டியதை அதுவே இழுத்துக்கொள்ளட்டும். உள்ளே பச்சை வெளிறியதும் பாட்டிலை எடுத்து, பம்பைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அவசரமென்று கூப்பிட்டவர்கள் கத்தினார்கள். ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வாளி வைக்கச் சொன்னார். காய்ச்சல் வந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஊட்டினார். மைத்துனன் கேலி செய்து அலுத்துப்போய், பாசி பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு இறங்கி வந்தான்.

சுருக்கம் மெதுவாக விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சதை ஓட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்து நின்றது. பிளம்பர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். பழைய மங்கலான ஓட்டின் ஓரத்தில், புதிதாக வெட்டிய நகம்போல் ஒரு வெள்ளைக் கோடு.

"அழுக்கா, வளர்ச்சியான்னு சொல்லு."

மனைவி குனிந்து பார்த்தாள். நிழல் விழுந்ததும் சிப்பி வெடுக்கென்று மூடிக்கொண்டது. அவள் அசையாமல் காத்திருந்தாள். அது மறுபடி திறந்தது.

"வளந்திருக்குங்க" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி, "இந்தத் தொட்டி வெயில் படுற ஜன்னலோரம் வேணாம். தண்ணி சூடாகும். இன்னிக்கு மத்தியானம் நாற்காலியை அங்க போட்டுட்டு, இதை உள்பக்கம் தள்ளிடலாம்."

"பாரமா இருக்கும். தண்ணியை எறக்கணும்."

"எறக்கலாம். தம்பியும் இருக்கான். முதல்ல அதுக்கு ஊட்டுங்க."

அவர் பம்பை நிறுத்தினார்.