நஷ்மியா குடிக்காத காபி

ஷேக் முஸ்ஹிரின் விருந்து மண்டபத்தில் எந்தப் பெண்ணும் விருந்தாளியாக உட்கார்ந்ததில்லை. நஷ்மியாவுக்கும் அது தெரியும். வாசலில் நின்று, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் வேறு வேறு மாதிரி வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே ஷேக்கின் பக்கத்தில் பாக்தாத்திலிருந்து வந்த தொல்பொருள் அதிகாரி ராஃபித் இருந்தார். ஊருக்கு மேற்கே, பழைய நகரம் புதைந்துகிடக்கும் சுமேரியர் மேட்டின் வேலிச் சாவியை வாங்கி, நகரத்து ஆள் ஒருவனைக் காவலுக்குப் போடவே அவர் வந்திருந்தார். இருபத்தோரு வருஷம் அந்த மேட்டைக் காத்தவன் நஷ்மியாவின் புருஷன் முனாஹி. குளிர்காலத்தில் அவன் இறந்த மறுவாரமே புதையல் திருடர்கள் லாரியோடு வந்தார்கள். அவன் துப்பாக்கியை எடுத்துப்போய் அவர்களைத் துரத்தியவள் நஷ்மியாதான். அன்றிலிருந்து சாவி அவள் இடுப்பில் இருக்கிறது.

வரிசையில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். காபி ஊற்றும் லஃப்தா முகங்களைப் பார்ப்பதில்லை. நீளும் கைகளை மட்டும் பார்த்து ஊற்றிக்கொண்டே வருவான். கோப்பையைக் கொடுத்த பிறகுதான் அந்தக் கையிலிருந்த வளையல் அவன் கண்ணில் பட்டது.

"கண்ணை எங்கடா வச்சிருக்க, லஃப்தா?" என்று ஒருவர் சிரித்தார்.

"ஊத்தியாச்சு. ஊத்தினதைத் திரும்ப வாங்குற பழக்கம் எனக்கில்ல."

ஊற்றிக் கொடுத்துவிட்டால் வாங்கியவர் விருந்தாளி. நஷ்மியா கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பாயின் மேல் வைத்தாள். மண்டபத்திலிருந்தவர்கள் கோப்பையைத் திரும்பிப் பார்த்தார்கள். விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். கேட்டது கிடைக்காமல், குடிக்காமல் எழுந்து போனால் ஷேக்கின் பெயர் சந்தையில் நாறிவிடும்.

"குடிம்மா, உம்மு ஸத்தார். கேட்டது கிடைக்கும்" என்றார் ஷேக், மகன் ஸத்தாரின் பெயரைச் சேர்த்து அவளை அழைத்து.

"கேக்கறதுக்கு முன்னாடியே குடுக்காதீங்க, ஷேக்கே. அப்புறம் தெரியாம சொல்லிட்டேம்பீங்க. மேட்டுச் சாவி எங்கிட்டயே இருக்கணும். காவலும் நான்தான்."

ராஃபித் சிரித்தார். "அம்மா, இது அரசாங்க விஷயம். காபியை வச்சுப் பேசி முடிக்கிற காரியமில்ல. பொம்பளையைக் காவலுக்குப் போட விதியில இடமில்ல."

"லாரியைத் துரத்தினது விதியா, உஸ்தாத்? நானா?"

ஷேக் தாடியைத் தடவினார். "சாவி என்னோடது இல்லயே, தங்கச்சி. இல்லாததை எப்படிக் குடுப்பேன்?"

இதற்குப் பதில் அவள் தயார்செய்து வரவில்லை. வந்திருக்கவே கூடாதோ? ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சாவி உங்களுது இல்ல. மேட்டுக்குப் போற பாதை உங்களுதுதானே? நகரத்து ஆள் எதுல நடந்து வருவான்? பறந்தா?"

லஃப்தா அடுத்த ஆளுக்கு ஊற்றவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

ஷேக் அதிகாரி பக்கம் திரும்பினார். "உஸ்தாத், அந்தப் பாதை முழுக்க எங்க பார்லி வயல். இவளைத் தவிர வேற காவலாளிக்கு அதுல வழி கிடையாது. ஆபீஸ்ல போய் அப்படியே எழுதுங்க."

"இது மிரட்டல், ஷேக்."

"இல்ல. என் வீட்டுக் காபி ஆறுது, அவ்வளவுதான்."

"மேலதிகாரிங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அவங்களையும் வரச் சொல்லுங்க. காபி நிறைய இருக்கு."

ராஃபித் பையிலிருந்த உத்தரவை வெளியே எடுத்து, புதுக் காவலாளியின் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இப்போ குடி" என்றார் ஷேக்.

"இது ஆறிப்போச்சு. வேற ஊத்து, லஃப்தா."

சூடாகக் குடித்தாள். போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"உஸ்தாத், மேட்டைப் பாக்கணும்னா வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுங்க. நான் வந்து திறந்தாத்தான் உள்ள போக முடியும்."