முதல் பாடத்துக் கேள்விகள்

அண்ணன் அப்பாவின் போனை அணைக்கக் கை நீட்டியபோது அவள் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“நாலு மணிக்கு நான் பேசணும். நடுவுல இது அடிச்சா மானம் போயிடும்,” என்றான் அவன்.

“நாலு மணிக்குத்தான் அது அடிக்கும். அணைக்க முடியாது.”

நாற்பது வருடம் ஊரார் ஏறி இறங்கிய பெட்டிகளைப் பழுதுபார்த்த அப்பா, இப்போது தன் சவப்பெட்டிக்குள் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தார். அண்ணனின் மூன்று பக்க அஞ்சலி உரை, ‘செங்குத்துப் போக்குவரத்துத் துறையின் முன்னோடி’ என்று தொடங்கியது.

“லிஃப்ட் மெக்கானிக்னு சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?”

“எங்க கம்பெனி ஜி.எம். வந்திருக்கார், பாத்தியா?”

பார்த்தாள். ஜி.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் அப்பாவிடம் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, ‘மாத்திரை போட்டாச்சா?’ திடீரென்று ஒருநாள் போனில் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தார். “முதல் பாடத்துலயே மனுஷனை விசாரிக்கிறான் பாரும்மா. நீ யாரு, யாரோட இருக்க, கூட யாரு வந்தாங்கன்னு!” பேசிப் பழக அந்த ஆப் ஒரு முடிதிருத்துபவரைச் சேர்த்துவிட்டது. கடல் தாண்டிய ஏதோ ஊர். சனிக்கிழமை தவறாமல் நாலு மணிக்கு அழைப்பார்.

மற்ற நாட்களில் ஒத்திகை. கேள்விகளை அவள் கேட்பாள், அப்பா பதில் சொல்வார். அதனால் அவளுக்குக் கேள்விகள் அத்தனையும் மனப்பாடம். பதிலில் ஒன்றுதான் தங்கியது. யாரோடு இருக்கிறாய் என்றால் அவர் சொல்வது: ‘கோன் மி இஹா.’ என் மகளோடு. சாவைப் பற்றி முதல் பாடத்தில் ஒன்றும் இல்லை.

“ஒரு மெசேஜ் தட்டிவிடு. மெஷினே மொழிபெயர்த்துக்கும்,” என்றான் அண்ணன்.

“பத்து மாசம் பேசுன மனுஷனுக்குச் சாவை மெஷினா சொல்லும்?”

நாலு மணி. அண்ணன் எழுந்து தொண்டையைச் செருமினான். “செங்குத்துப் போக்குவரத்து...”

போன் அடித்தது.

“வெளிய போய்ப் பேசு!”

“போக மாட்டேன். இவரும் துக்கத்துக்கு வந்தவர்தான். இவருக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.”

அத்தை ஒருத்தி, “ஐயோ, சபையில...” என்று இழுத்தாள். அதைக் காதில் வாங்காமல் அவள் அப்பாவின் பெட்டியருகே நின்றபடியே போனை எடுத்தாள். திரையில் கையில் கத்தரியோடு ஒரு வழுக்கைத் தலைக்காரர்; பின்னால் நாற்காலியில், கழுத்துவரை துணி போர்த்திய வாடிக்கையாளர்.

புதுமுகத்தைக் கண்டு அவர் சிரித்தார். “கியேன் எரெஸ்?” யார் நீ?

“இஹா,” என்றாள். மகள்.

அவர் சந்தோஷமாக ஏதேதோ சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். மெதுவாக, பாடத்தில் இருப்பது போலவே கேட்டார்: “கோன் கியேன் எஸ்தாஸ்?” யாரோடு இருக்கிறாய்?

அறையே அவளை முறைத்துக்கொண்டிருந்தது. அவள் போனைப் பெட்டியின் பக்கம் திருப்பினாள்.

“கோன் மி பப்பா.”

அண்ணன் கையில் இருந்த தாள் மடங்கியது. ஜி.எம். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

திரைக்குள் கத்தரி மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. நாற்காலியிலிருந்தவர், ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு, கழுத்துத் துணியைக் கழற்றாமலே எழுந்து நின்றார்.